கடலுக்குக் கிளம்பியவரிடம் கேட்ட கேள்வி

காங்கோவுக்குப் போகும் ஐ.நா. அமைதிப்படையின் பெண்கள் குழுவுக்கு வினோதினி பேர் கொடுத்திருந்தாள். மிலிட்டரி போலீஸில் சிப்பாய். வேண்டாமென்றால் திங்கட்கிழமைக்குள் பேரை எடுத்துவிடலாம். அப்பாவைக் கேட்டுவிட்டுப் போகத்தான் லீவு போட்டுச் சொந்த ஊரான கிள்ளைக்கு வந்திருந்தாள்.

“நீங்க வேணாம்னா நின்னுடுவா,” என்றாள் அம்மா மலர்க்கொடி, இறால் உரித்துக்கொண்டே. “ஒரு வார்த்த சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?”

அப்பா சக்கரபாணியும் பட்டாளத்தில் இருந்தவர்தான். இப்போது சிதம்பரத்தில் ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார். குண்டடியை நினைத்து அவர் பயப்படவில்லை. பயம் வேறு.

இலங்கைக்குப் போன இந்தியப் படையில், எண்பத்தெட்டில், அவர் இருபது வயசுப் பையன். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் காவல். அவருடைய அதிகாரி நாகாலாந்தில் பல வருஷம் இருந்தவர். ஊரை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி எங்கே போகிறான் என்று கேட்டால் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போவது நின்றுவிடும். அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்றார். தமிழ் தெரிந்த சக்கரபாணியை முன்னால் நிறுத்தினார்.

விடியற்காலையில் வலையோடு வந்த ஒருவரை மறித்து, “எங்க போற?” என்றார் சக்கரபாணி. கடலுக்குக் கிளம்புகிறவரிடம் அதைக் கேட்கக்கூடாது. கேட்டால் அன்றைக்குப் படகு இறங்காது. கிள்ளையில் மீனவர் வீட்டில் பிறந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? உத்தரவாயிற்றே என்று கேட்டுவிட்டார்.

அந்த மனிதர் மற்றச் சிப்பாய்களைப் பார்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அவையளுக்குத் தெரியாது. உமக்குமா தெரியாது?”

அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் அந்தக் கரையில் யாரும் படைக்காரர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வழியில் கண்ணிவெடி புதைத்திருந்ததையும் யாரும் சொல்லவில்லை. கூடவே சாப்பிட்டுத் தூங்கிய இரண்டு பேரின் உடலைச் சக்கரபாணிதான் தூக்கிவந்தார்.

யாரோ எங்கோ கற்ற பாடத்தைக் கையில் கொடுத்து மகளையும் அப்படி ஒரு வழியில் நிறுத்துவார்களோ?

“ட்ரெயினிங்ல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டார்.

“பழைய மிஷன்ல நடந்த தப்பெல்லாம் சொன்னாங்கப்பா. ஸ்ரீலங்காவும் வந்துச்சி. மொழி தெரிஞ்சா ஊரு தெரிஞ்சிடுச்சின்னு நெனைக்காதன்னாங்க. மொதல்ல பொம்பளைங்களப் பாக்கணும். தண்ணிக்குப் போற வழில எங்க பயமா இருக்குன்னு கேக்கணும்.”

“அங்க மீன் புடிக்கிறவங்க இருக்காங்களா?”

“பெரிய ஏரி இருக்கு. ஜாஸ்தி பேரு அதான் தொழிலு.”

“அவுங்க கெளம்பறப்ப நிறுத்தி விசாரின்னு சொன்னா?”

வினோதினி கொஞ்சம் யோசித்தாள். “போறப்ப எதுக்குப்பா கேக்கணும்? திரும்பி வரட்டும். மீனு என்ன வெலன்னு ஆரம்பிப்பேன். பேரம் பேசினா ஊர்க்கதையெல்லாம் தானா வருது. அம்மா தெனம் பண்றதுதான?”

“என்ன எதுக்குடி இழுக்குற?” என்றாள் மலர்க்கொடி.

“இதுவும் அங்க சொல்லிக் குடுத்ததா?” என்றார் சக்கரபாணி.

“இதப் போயி யாருப்பா சொல்லிக் குடுப்பா?”

அன்றைக்குக் கரையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறார். படகு திரும்பும்வரை காத்திருந்திருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

“போய்ட்டு வரட்டும்,” என்றார் மனைவியிடம்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தார். மலர்க்கொடி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

“அங்க மெளகாத்தூள் கெடைக்குமாடி?”

“போக இன்னும் நாலு மாசம் இருக்கும்மா.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“நம்மூர்து கெடைக்காது.”

“அப்ப மெளகா வாங்கியாங்க,” என்றாள் சக்கரபாணியிடம், அவர் முகத்தைப் பார்க்காமல். “நல்லா காஞ்சதா பாத்து.”