மீசைக்கார ராஜாக்களின் வெள்ளிக் காசுகள்

மதுரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோள வாத்தியாராக இருந்தபோது எனக்கு ஜெர்மன் வெள்ளிக் காசுகளின் மேல் பித்துப் பிடித்தது. முதல் யுத்தத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பிய அவனியாபுரத்துச் சிப்பாய் ஒருவர் ஒரு காசைக் காட்டினார். நம் ரூபாய் அளவுதான். ஆனால் கழுகு உட்கார்ந்த தொப்பியோடு அதில் ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் இருந்தார். கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் தெற்காவணி மூல வீதியில் வெள்ளிக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். உருக்க வரும் பழைய வெள்ளியில் ஜெர்மன் காசு அகப்பட்டால் எனக்காக எடுத்துவைப்பார். கெய்சருக்குக் கீழே ஜெர்மனியில் பல ராஜ்யங்கள் இருந்ததால், ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் அந்தந்த ராஜ்யத்தின் ராஜா. ஒவ்வொன்றையும் குறிப்பெழுதிய காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைப்பேன். என் மனைவி அந்தப் பெட்டியை ஏறிட்டும் பார்த்ததில்லை என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது யுத்தம் வந்தது. எதிரி நாட்டுக் காசைப் பதுக்கியிருக்கிறேன் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மனைவிதான் பெட்டியை எடுத்து வந்து, காசுகளை மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள்.

“இந்தத் தாடிக்காரரு பவேரியா ராசா, இவரு சாக்சனி ராசா. எல்லாம் போன சண்டைக்கு முந்தி அடிச்சது, வருசத்தப் பாருங்க. அந்த ராசாக்கள அவங்க சனங்களே எறக்கிட்டாங்க. இப்ப சண்டை போடுறவன் காசு இதுல ஒண்ணுகூட இல்ல” என்றாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி வருஷம் பார்த்தார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவளிடம் கேட்டேன். நான் பள்ளிக்கூடம் போனபின் மத்தியானங்களில் என் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். அதுவும் பல வருஷமாக.

“மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுது. எம்புட்டுப் பொறுமை இருந்தா இப்படி அச்சு வெட்ட முடியும்!” என்றாள்.

வருஷத்தையும் ராஜ்யத்தையும் மட்டுமே பார்த்துவந்தவன் நான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆமாம், ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

அடுத்த தடவை கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். கோட்டையும் இரண்டு சிங்கங்களும் போட்ட ஒரு காசை, ராஜா தலை இல்லையென்று நான் ஒதுக்கினேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். பின்பக்கம் கழுகு இருந்தது. ராஜாவே இல்லாமல் தன்னைத் தானே ஆண்டுகொண்ட ஜெர்மன் நகரமான ஹாம்பர்க்கின் காசு அது.