தட்டும் தொப்பியும் கோழிக்கொண்டையும்

அப்துல் ஜப்பாரின் தலை பெரியது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. தொப்பிக் கடைக்காரர்கள்தான் நினைத்தார்கள். திண்டுக்கல் பேகம்பூரில் எந்தக் கடையில் எந்தத் தொப்பியை எடுத்து வைத்துப் பார்த்தாலும், அது சருவச்சட்டிமேல் டம்ளர் மூடியைப் போட்டதுபோல உச்சியில் உட்கார்ந்திருக்கும். தொழுகையில் குனிந்தால் முன்வரிசைக்காரரின் காலடியில் போய் விழும். “ஜப்பார் பாய் ஒரு பக்கம் தொழுவாரு, அவரு தொப்பி ஒரு பக்கம் தொழுவும்” என்று பள்ளிவாசலில் ஒரு கேலி உண்டு.

அவர் மனைவி சர்புன்னிசா குரோஷா ஊசியைக் கையில் எடுத்தது இந்தத் தலைக்காகத்தான். மகன் வாஜித் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். மகள் ஃபர்ஹீன் கல்லூரிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, சாயங்கால அசர் பாங்கு வரைக்கும் வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இப்படியொரு நேரம் அவளுக்கு வாய்த்தது இப்போதுதான்.

ஃபர்ஹீன் போனில் ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தாள். அதில் பின்னிய பெண் பேசியது என்ன பாஷை என்றே தெரியவில்லை. சர்புன்னிசா சத்தத்தை அணைத்துவிட்டு விரல்களை மட்டும் பார்த்தாள். விரல் தெரிந்தது, கணக்குத் தெரியவில்லை. எந்த இடத்தில் எத்தனை கண்ணி கூட்ட வேண்டும் என்பதைத்தான் அந்தப் பெண் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள் போல.

ஆகவே முதல் தொப்பி தொப்பியாக வரவில்லை. சப்பையாக, வட்டமாக, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

“தொப்பின்னு சொன்ன, தோசை சுட்டு வச்சிருக்க?” என்றார் ஜப்பார்.

“சூட்டுச் சட்டிக்கு அடியில வச்சுக்கிறேன், போங்க.”

அடுத்ததில் கண்ணிகளைக் குறைத்துக் கூட்டினாள். அது கிண்ணம்போலக் குவிந்து, எலுமிச்சம்பழத்துக்குத்தான் பொருந்தும் என்றானது. அதற்கடுத்து நிறையக் கூட்டினாள். ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம்போல நெளிந்தது. வேறொருத்தி என்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டிருப்பாள். சர்புன்னிசா கேட்கவில்லை. மூன்றையும் பாயில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தொப்பி மறந்துபோய்விட்டது.

பின்னிப் பின்னிப் பிரித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் தட்டாகப் படுக்கும். ஆறுக்குக் குறைந்தால் குவியும். கூடினால் நெளியும். சரி, ஏன் ஆறு? ஏன் ஐந்தில்லை, எட்டில்லை?

அதற்கும் வழி நூலிலேயே கிடைத்தது. டம்ளர் வாயைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த நூலை எடுத்து வாயின் குறுக்கே மடித்து மடித்து வைத்தாள். மூன்று மடங்கும் இன்னும் கொஞ்சமும் வந்தது. இட்லிப் பானை மூடிக்கும் அதேதான். வளையலுக்கும், முறத்தளவு தாம்பாளத்துக்கும், வாஜித் விட்டுப்போன கேரம் போர்டின் ஸ்டிரைக்கருக்கும் அதேதான். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று ஒப்பித்து அடி வாங்கியது ஞாபகம் வந்தது. அது இதுதானா? முழு விட்டத்துக்கு மூன்று என்றால், மையத்திலிருந்து ஓரம்வரை உள்ள பாதிக்கு ஆறு. ஒரு சுற்று வெளியே போனால் சுற்றளவில் ஆறு கூடித்தானே ஆகவேண்டும்?

“மூணும் ஒரு கொசுறும்” என்று ஃபர்ஹீனிடம் சொன்னாள். “அந்தக் கொசுற நூலே இழுத்துக் குடுத்து சரிக்கட்டிருதுடி.”

“அம்மா, நாளைக்கு எனக்கு அக்கவுண்ட்ஸ் பரீட்சை.”

“உன்னைய ஆரு தடுத்தா? நான் பாட்டுக்குச் சொல்றேன்.”

அந்த மாதமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சர்புன்னிசாவைக் காணோமென்று ஜப்பார் தேடிப்போனால், மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணி இறக்கிய பெரிய தேக்சாவைச் சுற்றி நூல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். சமையல் பண்டாரி கரண்டியோடு நின்று பார்த்தார்.

“என்னம்மா, தேக்சாவுக்கும் தொப்பியா?”

“இல்லண்ணே, இம்புட்டுப் பெருசுக்கும் அதே கணக்குதானான்னு பாக்குறேன்.”

“என்ன கணக்கு? படி அரிசிக்கு எம்புட்டுக் கறின்னா?”

ஜப்பார் அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். வண்டியில் வீட்டுக்கு வரும்போது பின்னாலிருந்து அவர் காதருகே சொன்னாள்: “அதே மூணுதாங்க. கொசுறோட.”

நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால் ஜப்பாரின் தொப்பி முடிந்தது. தட்டாக வளர்த்து, தலையின் அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலிருந்து சுவர் எழும்பியது. ஜும்மாவுக்குப் போட்டுக்கொண்டு போனார். குனிந்தார், நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தார், தொப்பி அசையவில்லை. பள்ளிவாசலே பார்த்தது. அத்தரும் தொப்பியும் விற்கும் சிக்கந்தர் பாய் வாசலில் நிறுத்தி, அதைக் கழற்றி உள்ளும் புறமும் பார்த்தார். நோன்புக்கு ஒரே அளவில், ஒரே டிசைனில் தொப்பி பின்னித் தர முடியுமா என்றார்.

“எங்க வீட்டுல கண்ண மூடிக்கிட்டுப் பின்னும்” என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த கொழுத்த வெள்ளை நூல் கோன் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஜப்பார். பெருமையில் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு சர்புன்னிசா, “சரிங்க” என்றாள்.

நாலாவது தொப்பியிலேயே அவளுக்குச் சலித்துவிட்டது. அதே ஆறு, அதே இடத்தில் நிறுத்தம், அதே சுவர். கை பின்னும்; தலை சும்மா இருக்கும். அவளுடைய மத்தியானம் ஒரு தோசைக்கல்லைப்போல ஆகிவிட்டது. வார்க்க வேண்டியது, எடுக்க வேண்டியது.

ஒருநாள் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டே பின்னியதில், ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டுவிட்டாள். பேச்சு முடிந்து பார்த்தால் ஓரம் சுருண்டிருந்தது. பிரித்திருக்க வேண்டும். பிரிக்கக் கையும் வைத்தாள். இப்படியே விடாமல் இரட்டித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

அடுத்த சுற்று முந்தியதைப்போல இரண்டு பங்கு. அதற்கடுத்தது அதைப்போல இரண்டு பங்கு. முதலில் ஒரு மத்தியானத்தில் நாலைந்து சுற்று ஓடியது; பிறகு ஒரு சுற்றுக்கே ஒரு மத்தியானம் போதவில்லை. அகலம் என்னவோ கையளவுகூட இல்லை. ஆனால் ஓரம் உள்ளே வெளியே மடிந்து, நெருக்கி, இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பூ மார்க்கெட்டில் கூடையில் குவித்திருக்கும் கோழிக்கொண்டைப் பூவைப்போல ஆகிவிட்டது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதல் கோன் தீர்ந்துபோனது தெரிந்தபோது சிரிப்பு நின்றது. இரண்டாவதிலிருந்தும் எடுத்தாள்.

பிறை பார்க்கப் பத்து நாள் இருக்கும்போது சிக்கந்தர் பாய் ஜப்பாருக்குப் போன் போட்டார். “எல்லாம் ஆயிட்டு இருக்கு பாய்” என்றார் ஜப்பார். அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சர்புன்னிசாவுக்கும் அது கேட்டது. தான் போட்ட கூத்தில் இந்த மனுஷன் பள்ளிவாசலில் தலை குனிய வேண்டியிருக்குமே என்பதுதான் அவளை அறுத்தது. ஆனாலும் மறுநாள் மத்தியானம் கை தொப்பிக்குப் போகவில்லை.

ஜப்பாருக்குத் தோல் ஷாப்பில் வேலை. வந்து இறங்கும் ஆட்டுத் தோல்களை விரித்துத் தடவித் தரம் பிரிப்பவர். அன்று அங்கே கரண்ட் இல்லையென்று லுஹர் முடிந்ததுமே வீட்டுக்கு வந்துவிட்டார். மடியில் இருந்ததை ஒளிக்க அவளுக்கு நேரமில்லை.

“என்னது இது, குடலா?”

“கோழிக்கொண்டை.”

“தொப்பி எங்க?”

“இதுதாங்க தொப்பிக்குக் குடுத்த நூலு.”

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தார். “அம்புட்டுமா? சிக்கந்தர்ட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? நாலு பேருக்கு முன்னாடி வாக்குக் குடுத்தேனே சர்பு.”

“குடுத்தது நீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீ சரின்னியே.”

“உங்க மூஞ்சிக்காகச் சொன்னேன். எனக்கு ஒரே தொப்பியத் திரும்பத் திரும்பப் போட முடியலங்க. இந்தச் செத்த நேரந்தான் எனக்குன்னு இருக்கு.”

அவர் அந்தப் பின்னலை இழுத்துத் தன்முன் போட்டுக்கொண்டார். பாயில் வைத்து உள்ளங்கையால் நீவினார். நாள் முழுதும் தோலை நீவிப் படியவைக்கும் கை. படியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு அதற்குச் சும்மா இருக்க முடியாது. ஒரு பக்கம் படிந்தது, மறுபக்கம் எழுந்தது. இரண்டு கையாலும் அமுக்கினார். நடுவில் எழுந்தது.

“படியாதுங்க. நானும் பாத்துட்டேன்.”

“தொடை இடுக்குத் தோலு மாதிரில்ல இருக்கு” என்றார் அவர், கோபம் பாதியில் நிற்க. “ஆட்டுத் தோல விரிச்சா முதுகு நல்லாப் படியும். தொடையும் வயிறும் சேர்ற இடம் மட்டும் இப்படித்தான் மேலயும் கீழயும் முறுக்கிட்டு நிக்கும். கீறி விட்டாத்தான் படியும்.”

“கீறினா விலகுமா?”

“அங்க விலகாது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். தலைத் தோலக் கீறினாத்தான் வாயப் பொளந்துக்கிட்டு விலகும்.”

சர்புன்னிசா எழுந்து போய் சட்டிக்கு அடியில் வைத்திருந்த அந்தப் பழைய தட்டுப் பின்னலையும், எலுமிச்சம்பழக் கிண்ணத்தையும் எடுத்து வந்து பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். “அப்ப முதுகு தட்டு. தலை தொப்பி. இடுக்கு கோழிக்கொண்டை. ஒரே ஆட்டுல மூணும் இருக்குதாங்க?”

ஜப்பார் மூன்றையும் பார்த்தார். தன் கையையும் பார்த்துக்கொண்டார். “இருக்கத்தான் செய்யிது” என்றார். பிறகு, “இன்னொரு சுத்துப் போட்டா என்னாகும்?”

“நூல் பத்தாது.”

அசர் பாங்கு கேட்டது. அவர் பின்னி முடித்திருந்த நாலு தொப்பியையும் மிச்ச நூலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சர்புன்னிசா தொழுதுவிட்டு, செம்பருத்திச் செடிக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினாள்.

அவர் வந்ததும் டீ கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: “சிக்கந்தர்ட்ட உள்ளதச் சொல்லிட்டேன். வீட்டுல கேக்காம வாக்குக் குடுத்துட்டேன், என் தப்புன்னேன். நூலுக்கு உள்ளதக் குடுத்தாச்சு. அங்க இருந்தவங்ய சிரிச்சாங்ய.”

“சிரிச்சாங்களா?”

“சிரிக்கட்டும். தொப்பி தனியாத் தொழுதப்பவும் சிரிச்சவங்யதான்.” டம்ளரைக் கீழே வைத்தார். “சிக்கந்தர் ஒண்ணு கேட்டாரு. அவரு கடையில எந்தத் தொப்பியும் சேராமத் திரும்பிப் போற தலைங்க இருக்காம். அதுகள மட்டும் இங்க அனுப்பட்டுமான்னாரு. வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். இப்பக் கேக்குறேன்.”

சர்புன்னிசா யோசித்தாள். ஒவ்வொரு தலையும் ஒரு தினுசு.

“தலையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. பாத்துட்டுப் பிடிச்சாப் பின்னுறேன்.”

நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். தோப்புக்கு ஏற்றாற்போல, உரிக்காத தேங்காயாக முன்னும் பின்னும் நீண்ட தலை. வட்டத் தொப்பி எதுவும் அவருக்கு இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்குமாம். சர்புன்னிசாவுக்கு இப்படியொரு தலை இதுவரை கிடைத்ததில்லை. புள்ளியிலிருந்து தொடங்கினால் சரிவராது என்று விரலளவு கோடாகப் பின்னி, அந்தக் கோட்டைச் சுற்றி ஓட்டினாள். அவர் எதிரே நாற்காலியில் உச்சந்தலையில் நூல் தொங்க உட்கார்ந்திருந்தார். ஜப்பார் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தபடி, டீப்பாயில் கிடந்த கோழிக்கொண்டையை நீவி விட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு பக்கம் படிந்து ஒரு பக்கம் எழுந்தது.

மூன்றாவது சுற்றில் சர்புன்னிசா நிறுத்தி, கூட்டிய கண்ணிகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“ஏங்க, நீட்டுத் தலைக்கும் அதே ஆறுதாங்க!”

தோப்புக்காரர் பயந்துபோய்க் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். “எது ஆறு? என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல பாய், ஆடாம இருங்க” என்றார் ஜப்பார். “நல்ல தலைதான்னு சொல்லுது.”