தேரைத் தோளில் சுமந்த மலை

சமவெளியில் தப்னிக்கு இருந்த மரியாதையே தனி. படைத்தலைவரின் தேரை ஓட்டுபவன் அவன். அசூர் நாட்டுப் படையான எங்கள் படை எந்த ஊரைக் கடந்தாலும் ஜனங்கள் முதலில் பார்ப்பது அவன் கையிலிருந்த கடிவாளத்தைத்தான். தலைவர் அவனோடு பேசிக்கொண்டே வருவார். பின்னால் காலாளாக நடந்த எனக்கு அவன் முதுகுதான் தெரியும். அந்த முதுகிலேயே பெருமை தெரியும்.

கிழக்கு மலைக்குள் நுழைந்த மூன்றாம் நாள் பாதை ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கியது.

"தேரைக் கழட்டுங்கடா" என்றார் தலைவர்.

சக்கரத்தை நானும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டோம். தப்னிக்கு ஓட்ட ஒன்றுமில்லை. இப்போது தலைவர் பக்கத்தில் நடந்தவன் கிர்த்தியா. அந்த மலையில் பிறந்தவன், கோவேறு கழுதை மேய்ப்பவன், கூலிக்கு வழிகாட்ட வந்தவன். தலைவர் தன் குடுவையிலிருந்தே அவனுக்கு பார்லி மது ஊற்றிக் கொடுத்தார்.

"பாத்தியா? கழுதை நாத்தம் போகாதவன் எங்க நிக்கிறான்னு" என்றான் தப்னி என்னிடம்.

அதைக்கூடத் தாங்கியிருப்பான். ஒரு பாறை விளிம்பில் அவன் வளர்த்த பெண்குதிரை மிரண்டு நின்றது. தப்னி கெஞ்சினான், திட்டினான், அது அசையவில்லை. கிர்த்தியா தன் தலைத்துணியை அவிழ்த்து அதன் கண்ணைக் கட்டி, காதில் ஏதோ முணுமுணுத்தான். குதிரை பூனைபோல அவன் பின்னால் நடந்தது. தப்னியின் முகம் செத்துவிட்டது.

மறுநாள் உச்சிக்குச் சற்றுக் கீழே வழி இரண்டாகப் பிரிந்தது. தலைவர் பின்தங்கியிருந்தார். கிர்த்தியா முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, எதிர்ப்பட்ட தப்னியிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது:

"அண்ணே, வலப்பக்கம் பனிக்கு அடியில ஒண்ணுமில்ல, பொந்து. இடப்பக்கமா வரச் சொல்லுங்க. நான் மேல போயி கல்லைத் தள்ளி வழி பண்றேன்."

தப்னி தலையாட்டினான். தலைவர் வந்து, "எந்தப் பக்கமாம்?" என்று கேட்டபோது, "தெரியலைங்க, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான்" என்றான்.

வலப்பக்கம் அகலமாக இருந்தது. அதிலேயே போனோம். பனி உள்வாங்கியது. இரண்டு கழுதைகள் பள்ளத்தில் போயின. சக்கரத்தோடு சரிந்த என் கால் முறிந்தது.

வழி சொல்லாமல் போனான் என்று கிர்த்தியாவைப் பிடித்துக் கட்டினார்கள். "அவர்கிட்ட சொன்னேனே!" என்று அவன் கதறினான். யாரும் நம்பவில்லை. சாட்டை ஓங்கியது. அப்போதுதான் தப்னி குறுக்கே வந்து விழுந்தான்.

"ஐயா, அவன் சொன்னான். நாந்தான் மறைச்சேன்."

"ஏண்டா?"

"பொறுக்கலைங்க."

கிர்த்தியாவுக்கு ஓங்கிய சாட்டை தப்னி மேல் விழுந்தது. கடிவாளம் வேறொருவன் கைக்குப் போனது. மலையின் அந்தப்புறம் இறங்கி, தேரைப் பூட்டியபோது தப்னி அச்சாணியை அடித்துவிட்டு ஓரமாக நின்றான்.

அடுத்த வருடம் படை மறுபடி மலையேறியது. கிர்த்தியாவிடம் கழுதைக்காரனாகத் தானே கேட்டுச் சேர்ந்திருந்தான் தப்னி. முறிந்த காலோடு ஊரிலேயே தங்கிவிட்ட நான் வழியனுப்பப் போயிருந்தேன்.

"பொறாமை தீந்துச்சா?" என்று கேட்டேன்.

"தீரல. அவன் நடக்குறதைப் பாத்தாலே வயிறு எரியுது" என்றான், மூட்டையை இறுக்கியபடி. "தூர இருந்து எரியுறதுக்குப் பதிலா, பக்கத்துல இருந்து எரிஞ்சா நாலு வழியாவது தெரியும்ல?"