ஊத்தைப்படாத காற்சட்டை

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பன்னிரண்டு வருசம் நான் பின்வரிசையில் நின்று பந்து விளையாடினேன். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கினார்கள், பேப்பரில் போட்டார்கள். என் பெயர் பேப்பரில் ஒரே ஒரு தரம் வந்தது. என் காலில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே பந்து போன அன்று. முப்பது வருசமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. தாவ் ரூய்லின் மேல் எனக்குப் பற்று வந்ததும் அதனால்தான்.

மொன்றியலில் ஒரு தொழில்முறைக் கழகத்தில் உடுப்புத் தோய்க்கிறது என் வேலை. தாவ் அங்கே இடதுபக்கப் பின்காப்பாளன். சீனாவின் தாலியன் நகரத்துப் பிள்ளை. பத்து வயதில் வீட்டைவிட்டுப் பந்துப் பயிற்சி விடுதிக்குப் போனவன், பத்தொன்பதில் இங்கே வந்து சேர்ந்தான். முதல் வருசம் முழுக்க மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருந்தான். இரண்டாம் வருசம் பதினாலு ஆட்டம் கிடைத்தது. மெட்ரோவில் பிரெஞ்சுப் பாடம் கேட்டபடி வருவான். மற்றவர்கள் உடுப்பைக் கழற்றி எறிவார்கள். அவன் மட்டும் மடித்து வைத்துவிட்டு "மெர்சி" என்று நன்றி சொல்லிப் போவான்.

ஆனால் அவனுடைய காற்சட்டையில் புல்லுக் கறை இராது. என்னோடு வேலை செய்யும் பிலோமினம்மா விடமாட்டா.

"எமிலியானுஸ், உம்மட சீனத்துப் பொடியன் விளையாடத்தான் போறவனோ, கலியாண வீட்டுக்கோ?"

"வாயை மூடிக்கொண்டு மடியுங்கோ அக்கா."

எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். ஒரு சனிக்கிழமை மிஷினை ஓடவிட்டுப் போய் மைதானத்து ஓரத்தில் நின்றேன். பந்தை விட்டு அவனையே பார்த்தேன். எதிராளி எங்கே வரப்போகிறானோ, அங்கே தாவ் முதலே நிற்கிறான். பந்து தானாக அவன் காலுக்கு வருவதுபோல இருந்தது. பிறகு எதற்கு விழுந்து புரள்வான்?

கழகத்து அலுவலகத்துக்காரர் கண்ணில் அது படவில்லை. ஒக்டோபரில் ஒப்பந்தம் முடிகிற நேரம் தாவ் வந்து சொன்னான், எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த உடைந்த பிரெஞ்சில்: "நான் ஆட்டத்தில் தெரிவதில்லையாம். கடைசி ஆட்டம் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். எனக்கு இங்கேயே விளையாட வேண்டும்."

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ரெண்டு தரம் சறுக்கி விழு. காற்சட்டை ஊத்தையாகட்டும். மேலே இருக்கிறவங்கள் ஊத்தையைத்தான் வேலை எண்டு பாப்பாங்கள்," என்றேன்.

"தேவை இல்லாமலா?"

"தேவை இல்லாமல்தான்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் மழை. எழுபதாவது நிமிசம் எதிராளி ஒருவன் பந்தோடு எங்கள் கோல் பக்கம் வெட்டி வந்தான். வேறு நாளென்றால் தாவ் கூடவே ஓடி ஓரத்துக்கு ஒதுக்கியிருப்பான். அன்றைக்குச் சறுக்கினான். பந்து தப்பியது, ஆளின் கால் அகப்பட்டது. பெனால்டி. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

காற்சட்டை பச்சையும் சேறுமாக வந்தது. பிலோமினம்மா அதைத் தூக்கிப் பார்த்தா. அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை.

ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. முன்னமே முடிவெடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது தொண்டைக்குக் கீழே இறங்குதில்லை. இப்போது அவன் சீனாவில் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில் விளையாடுகிறான். இருபத்திரண்டு வயது, இன்னும் காலம் இருக்கிறது.

போகிற அன்று விடைபெற வந்தான். "எல்லாம் என்னாலதான்," என்றேன்.

இல்லையென்று தலையை ஆட்டினான். "விழுந்தது நான்."

கதவடிவரை போய்த் திரும்பினான்.

"என் இடத்துக்குப் பக்கத்து ஊர் லவாலில் இருந்து ஒருவன் வருகிறான், முசியே எமிலியானுஸ். பயிற்சியில் பார்த்தேன். நன்றாக நிற்கிறான், விழுவதில்லை. எனக்குச் சொன்னதை அவனிடம் சொல்லாதீர்கள்."