சன்னலோரத்துக்கும் ஒரு சப்வூஃபர்

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஆரியசாலைக் கடைத்தெருவில் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் குற்றாலலிங்கத்துக்குத் தவில் என்றால் உயிர். பகலெல்லாம் லாரிச் சத்தத்திலும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் கூப்பாட்டிலும் நின்றுவிட்டு வருகிறவர் வீட்டில் அமைதியைத் தேடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர் தேடமாட்டார். கிள்ளிப்பாலத்து மாடிவீட்டின் முன்னறையில் ஸ்டீரியோவைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுவார்.

ஒரே ஒரு குறை. தவிலின் வலது பக்கம் படபடவென்று பொரியும். இடது பக்கத்தில் குச்சி விழும்போது நெஞ்சுக்குள் இறங்கவேண்டிய கனம் மட்டும் வராது. ஆடியோ கடை வைத்திருக்கும் சஜியிடம் போய்ப் புலம்பினார்.

"சின்ன ஸ்பீக்கரல்லே அண்ணாச்சி, அதுக்கு அவ்வளவுதான் பற்றும். ஒரு சப்வூஃபர் சேர்த்தா மதி, அது போதும்" என்றார் சஜி.

அடிச்சத்தத்துக்கென்றே உள்ள அந்தக் கனத்த கறுப்புப் பெட்டி வீடு வந்து சேர்ந்தது. அதைக் காலியாக இருந்த மூலையில் வைத்து, ஆசையோடு பாட்டைப் போட்டார். வந்தது தவில் இல்லை, இடி. ஒரு அடி முடியும் முன்பே அடுத்த அடி அதன்மேல் ஏறிக்கொண்டு, எல்லாம் ஒரே முழக்கமாகிவிட்டது. கீழ்வீட்டு லீலாபாய் மூச்சுவாங்கப் படியேறி வந்தார், ஓய்வுபெற்ற நர்ஸ்.

"அண்ணாச்சி, என்டெ அலமாரியில டம்ளரெல்லாம் துள்ளுது கேட்டோ! மேல மாவு மில் தொடங்கியாச்சோ?"

குற்றாலலிங்கம் வெட்கத்தோடு பாட்டை அணைத்துவிட்டு சஜிக்கு ஃபோன் செய்தார்.

"மூலையில வச்சா அப்படித்தான் முழங்கும். பெட்டிய எடுத்து உங்க நாற்காலியில வைங்க. பாட்டப் போட்டுட்டு நீங்க தரையில தவழ்ந்து பாருங்க. எங்கெ அடி தெளிவா கேக்குதோ, அதுதான் பெட்டிக்கு உள்ள ஸ்தலம். அங்கெ பெட்டிய வச்சா, நாற்காலியில இருக்கிற உங்களுக்கும் அப்படியே கேக்கும்."

மறுநாள் மாலை குற்றாலலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ ஆரம்பித்தார். தலையைத் தாழ்த்தி, காதைத் தீட்டி, சுவரோரமாக ஊர்ந்தார். சன்னலோரத் திவான் கட்டிலில் பத்திரிகையோடு இருந்த மனைவி சரஸ்வதியம்மாள், மின்வாரிய அலுவலகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தும் இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை என்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்து லீலாபாய் வந்தார்.

"அய்யோ, அண்ணாச்சிக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று பதறி, குனிந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கிவிட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சரஸ்வதியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

டிவி மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெட்டியை அங்கே மாற்றி, அடியில் ரப்பர் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார். குச்சி விழுந்தது, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நெஞ்சில் வந்து இறங்கியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரசு, எப்படி?"

"உங்களுக்கு நல்லாருக்கும். எனக்கு இங்கெ அந்தக் கனம் ஒண்ணும் கேக்கல்லயே."

அவர் நம்பவில்லை. எழுந்து போய்த் திவானில் உட்கார்ந்து பார்த்தார். நெஞ்சில் இறங்கிய கனம் அங்கே அடியோடு காணாமல் போயிருந்தது. ஒரே அறைதான், நாலு எட்டுத் தூரம்தான். இத்தனை காலம் அவள் இந்த இடத்தில் உட்கார்ந்து எதைக் கேட்டிருப்பாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"நீ இஞ்ச என் பக்கத்துல வந்து இரேன்."

"எனக்குக் காத்து இங்கதான் வரும். நான் மாறமாட்டேன்."

சஜியிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அடிச்சத்தம் அறைக்குள் ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் வற்றும். இரண்டு சப்வூஃபர் இருந்தால் ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும் என்றார். இரண்டாவது பெட்டியும் வந்தது. இந்த முறை அதைத் திவானில் ஏற்றினார்கள். தவழ வேண்டியவள் சரஸ்வதியம்மாள், அவளுக்கோ மூட்டுவலி.

"ஞான் நோக்காம்" என்று தானே பார்த்துச் சொல்ல முன்வந்தார் லீலாபாய். தன் படுக்கையறைக்கு நேர்மேலே மட்டும் பெட்டி வந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் இறங்கிவிட்டார். அறையைச் சுற்றிவந்து, தையல் மெஷினுக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினார். பெட்டிக்கு இடம்விட்டு மெஷின் உள்ளறைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை சஜி வந்து இரண்டு பெட்டியின் சத்தத்தையும் நன்றாகக் குறைத்து, பின்னாலிருந்த திருகு குமிழையும் சுவிட்சையும் மாற்றி மாற்றி வைத்தார். தீர்ப்புச் சொல்ல சரஸ்வதியம்மாள்.

"இப்பம்?" என்று கேட்டார் சஜி.

"அமுங்கின மாதிரி இருக்கு."

"இப்பமோ?"

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். "ஆங். இது சரி."

குற்றாலலிங்கம் தவிலைப் போடக் கையை நீட்டினார். "இண்ணைக்கு என் இஷ்டம்" என்று அவள் தடுத்துவிட்டாள். அவள் கேட்டது வில்லுப்பாட்டு. குடத்தில் அடி விழுந்ததும் "கும்" என்று ஒரு முழக்கம் சன்னலோரம் வரைக்கும் உருண்டு வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

நாற்காலியை லீலாபாய் பிடித்துக்கொண்டதால் குற்றாலலிங்கம் திவானில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்று நன்றாகத்தான் வந்தது. வில்லுப்பாட்டுக் கதை முழுவதும் ஓடி முடிந்தது. தவிலுக்கு முறை வந்தது மறுநாள்தான்.