தலைவர் வீட்டு வேலைநிறுத்தம்

ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. வெள்ளைக்காரன் எந்தப் புத்தியில் அப்படிக் கட்டினானோ தெரியாது. அடுத்த வீட்டில் யார் இருமினாலும் எனக்குத் தெரியும். நான் என் புருஷன் செல்லையாவை என்ன சொல்லித் திட்டினேன் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே பவளக்கொடியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் தோட்டத்தில் கிடையாது. அவள் குடும்பம் நடத்திய அழகை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து முழுசாகக் கேட்டிருக்கிறேன்.

தெஹியோவிட்ட டவுனுக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவளும் என்னைப் போலப் பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் நாகலிங்கம் தோட்டத்துச் சங்கத் தலைவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பால் நிறுவையில் கள்ளம் நடந்தபோது எல்லோரையும் வேலைநிறுத்தத்தில் உட்கார வைத்து ஜெயித்துக் காட்டிய மனுஷன். அதே மனுஷன் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுமுன்பே "தேத்தண்ணி" என்பார். கேத்தல் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் கிருஷ்ணகுமாரி. இளையவன் பிரதீபன், தான் சாப்பிட்ட தட்டு தானாகவே கழுவிக்கொண்டு போய் அடுக்கில் ஏறும் என்று நம்பி வளர்ந்தவன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட். காலையிலேயே கீழ் ஊர்ச் சிங்களப் பையன்கள் வந்து "மச்சாங், வரேங்!" என்று, வாடா என்று, கூப்பிடுவார்கள், ஆளைக் காணக் கிடைக்காது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு குமாரிக்கு ஓ.எல் பரீட்சை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லை. வந்த ஒருவரும் அட்டைக்கடி தாங்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தெஹியோவிட்டவில் ஞாயிறு காலையில் ஒரு கணக்கு வகுப்பு நடந்தது. கணக்கில் தவறினால் பிள்ளை மேலே படிக்க முடியாது, எங்களோடு கத்தியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். ஆனால் ஞாயிறு வேலைக்குச் சம்பளம் கூட என்பதால் பவளக்கொடி அன்றைக்கும் பால் வெட்டப் போவாள். சமையல், துணி, தண்ணீர் எல்லாம் குமாரி தலையில் விழும். வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிள்ளை மூன்றாம் வாரமே நின்றுவிட்டது.

"ஏங்க, ஞாயித்துக்கெழம ஒரு நாளு நீங்களும் தம்பியும் சோத்த ஆக்கிக்கிட்டா என்னா? புள்ள கிளாஸுக்குப் போயிட்டு வரட்டுமே."

"பாப்போம்."

"என்னா பாப்போம்?"

"பேசித் தீத்துக்குவோம்னு சொல்றேன்ல."

துரை 'பார்ப்போம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம், ஏமாந்துவிடாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். பவளக்கொடி அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்.

மறுநாளே தேத்தண்ணி வரத் தாமதமானது. வந்தபோது ஆறிப் போயிருந்தது. அரிசியை ஒவ்வொரு மணியாக எடுத்துப் பார்த்துப் புடைத்தாள். வெங்காயம் உரித்து முடிவதற்குள் பிரதீபன் பசியில் தூங்கிவிட்டான்.

"என்னாடி இது?" என்று தலைவர் கத்தினார்.

"மெதுவா வேல செய்யிற போராட்டங்க, தலைவரே."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைகளுக்கு அப்பாவாக இருந்த ஆளை அவள் 'தலைவரே' என்று மரியாதையாகக் கூப்பிட்ட அன்றே விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

வார நடுவில் அடுப்பே பற்றவில்லை. அவள் வேலை முடிந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். தலைவரோ ஒரு துரை செய்கிற எல்லாவற்றையும் செய்தார். முதலில் காது கேளாதவர் போல இருந்தார். பிறகு மிரட்டினார். பிறகு தீபாவளிக்கு நல்ல சேலை எடுத்துத் தருவதாக ஆசை காட்டினார். எதற்கும் அவள் அசையவில்லை என்றதும் மூலையில் போய்ச் சுருண்டு படுத்து, எல்லோர் காதிலும் விழும்படி பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சு வேலை செய்தது. அடுத்த நாள் சாயங்காலம் நாங்கள் பால் ஸ்டோரிலிருந்து வந்து பார்த்தால் அவர்கள் வீட்டில் புகை. குமாரி சோறு வடித்துப் பருப்பும் வைத்து, அப்பாவுக்கும் தம்பிக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்த பவளக்கொடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கருங்காலி."

மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது போய் வேலை செய்து கொடுப்பவனைத்தான் அப்படிச் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. குமாரி அழுதுகொண்டே, "அப்பா பாவம்மா" என்றாள்.

"அப்பா பாவம், தம்பி பாவம். நீ பாவமில்லையாடி? யாருக்காக நான் இந்தக் கூத்து ஆடுறேன்?"

சொல்லும்போதே அவளும் அழுதாள். பசி என்று ஓர் ஆண்பிள்ளை முகம் சுருங்கினால் பதறி எழுந்து ஓடுவதற்கு அந்தப் பிள்ளையைப் பழக்கியது நாங்கள் எல்லோரும்தான்.

அந்த வாரக் கடைசியில் பிள்ளைக்காம்பிராவில் சங்கக் கூட்டம். பகலில் எங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது, தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டம் போடுவோம். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாருக்கும் கொற இருந்தா பயப்படாம சொல்லுங்க" என்றார். மாதாமாதம் சொல்கிற வசனம்தான்.

பவளக்கொடி எழுந்தாள்.

"மெம்பர் பவளக்கொடிங்க. மாசா மாசம் எனக்கும் சந்தா வெட்டுறாங்க. ஞாயித்துக்கெழம எம்மகளுக்கு லீவு வேணும்னு கேட்டேன். நிருவாகம் பேச்சுவார்த்தைக்கு வரமாட்டேங்குது."

"எந்த நிருவாகம்?" என்றது பின்னால் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு கிழம்.

"இந்தா, மேசைக்கி முன்னால ஒக்காந்திருக்கே, அதுதாங்க."

பிள்ளைக்காம்பிரா அதிர்ந்தது. தலைவர் எழுதாத பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார். "இது குடும்ப விசயம். சங்கத்துல பேசப்படாது."

"போன தடவ தொரையும் இது தோட்டத்து உள்விசயம், வெளியாளு பேசப்படாதுன்னுதான் சொன்னாரு. நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். தலைவரைக் காப்பாற்றுகிறேன் என்று என் வீட்டுக்காரர் எழுந்தார் பாருங்கள், அங்கேதான் வினை. "அது சரி மதினி, சோறாக்குறதெல்லாம் ஒரு வேலையில சேத்தியா?" என்று கேட்டார்.

பெண்கள் பக்கம் சிரிப்பு பட்டென்று நின்றது. நான் எழுந்தேன். "சேத்தி இல்லீன்னா நல்லது. நாளையிலேருந்து லயத்துல எந்தப் பொம்பளையும் அடுப்பு பத்த வைக்கமாட்டோம். பவளம் அக்காவுக்கு அனுதாப வேலநிறுத்தம். கைப்புள்ளைங்களுக்கு மட்டும் சாப்பாடு உண்டு. மீச மொளச்சதுங்களுக்கு இல்ல." சத்தமாகக் கைதட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தேன். என் மாமியார்!

மறுநாள் சாயங்காலம் லயத்தில் ஒரு கூரையிலும் புகை இல்லை. ஆண்கள் கூட்டமாகக் கீழே கபூர் நானாவின் கடைக்குப் போனார்கள். "என்ன தலைவர், லயத்தில யாரும் மௌத்தா? ஒரு ஊட்டிலயும் அடுப்பு எரியல்லையே" என்று, சாவு விழுந்துவிட்டதோ என அவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாராம். முதலில் பாண் ரொட்டி தீர்ந்து போய், பிறகு பிஸ்கட்டும் தீர்ந்தது. துரையை எதிர்த்து ஒரு மாதம் மரவள்ளிக்கிழங்கில் தாக்குப்பிடித்த வீரர்கள், கிழங்கை அவிக்க ஆள் இல்லை என்றதும் அடுத்த நாளே தலைவர் வாசலில் வந்து நின்றார்கள்.

"தலைவரே, எப்பிடியாச்சும் பேசி முடிங்க."

தலைவர் வெளியே வந்தார். பவளக்கொடி படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சரி, ஒத்துக்கிறேன். ஞாயித்துக்கெழம நானும் தம்பியும் பாத்துக்கிறோம். பரீட்ச முடியிற வரைக்கும்."

"முடிஞ்ச பொறகும்" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். பெண்களுக்கு ஞாயிற்று விடுதலை வாங்கிக் கொடுத்தது எங்கள் சங்கம்தான் என்று வெளித் தோட்டத்து ஆட்களிடம் அவர் சொல்லித் திரிந்ததும் அதே வாரம்தான்.

அடுத்த ஞாயிறு விடிந்தது. நானும் பவளக்கொடியும் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக வாளியும் கத்தியுமாக நின்றோம். குமாரி இரட்டைப் பின்னலும் புத்தகப் பையுமாக வாசலுக்கு வந்தாள். உள்ளே தலைவர் கண் சிவக்க அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பிரதீபன் பாதியைக் காலிலும் மீதியைக் குடத்திலுமாகத் தண்ணீர் கொண்டுவந்தான். தலைவர் அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, அதுவரை நான் கேட்டிராத இனிமையான குரலில் கேட்டார்.

"கண்ணு, தண்ணி எம்புட்டு ஊத்தணும்?"

குமாரி பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கால் உள்ளே வைத்தாள். பவளக்கொடி அவள் கையைப் பிடித்தாள்.

"போடி."

"சொல்லிட்டு மட்டும் போறேம்மா."

"இன்னைக்கி சொல்லுவ. அடுத்த வாரம் கிட்ட நின்னு காட்டுவ. அதுக்கடுத்த வாரம் ஊத்துறது நீயாத்தான் இருக்கும். வாயத் தொறக்காம போ."

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் மலைப்பாதையில் ஏறினோம்.

பவளக்கொடி நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். "அந்த மனுசன் பசி தாங்கமாட்டாருடி. தண்ணிய மட்டும் ஓடிப்போயி ஊத்திட்டு வந்துரவா?" என்றாள்.

அவள் முதுகில் கையை வைத்து, மலை உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.