தாலிகட்டுக்கு வந்த பைப்பர்

1. நாடா

கசெற் றெக்கோடர் நாடாவைத் தின்றபோது பெண் கூறைச் சேலை உடுக்கப் போயிருந்தாள். அவள் உடுத்து வந்ததும் தாலி கட்டவேண்டும். தாலி ஏறும்போது கெட்டிமேளம் முழங்கவேண்டும். அந்த மேளமோ கறுப்பு இடியப்பம் மாதிரி பரமு அண்ணையின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் நான் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரத் தேவாலய மண்டபத்தில் ஜனிற்றர் வேலை பார்த்தேன். கதிரை அடுக்குவது, ஹீற்றரைப் பார்ப்பது, ஐயர் ஓமம் வளர்க்கும்போது ஃபயர் அலார்ம் அலறாமல் காப்பது எல்லாம் என் தலையில். அங்கே எங்கள் சனத்துக்கு அப்போது நாதஸ்வரக்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ரொறன்ரோவிலிருந்து கூப்பிட வசதியில்லாதவர்கள் கசெற்றில்தான் மேளம் போட்டார்கள்.

பரமு அண்ணை பெண்ணின் தகப்பன். மனைவியை இழந்தவர். அதனால் கன்னிகாதானம் செய்து கொடுக்க அவரால் மணவறையில் இருக்க முடியாது. அவருக்குப் பதிலாக அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். சொந்த மகளின் கலியாணத்தில் அவருக்கென்று மிஞ்சியது அந்த றெக்கோடர் மட்டும்தான்.

"நாசமாப் போன மிசின்!" என்றார். "மேளமில்லாமல் தாலி கட்டுறதோ? ஆரும் தும்மினாலும் அபசகுனமாய்ப் பிள்ளையின்ரை காதிலை விழும். தாயில்லாப் பிள்ளை தம்பி, ஒரு குறையும் வரக்கூடாது."

"பொறுங்கோ அண்ணை, ஒரு ஆளைக் கேட்டுப் பாக்கிறன்" என்று நான் படியிறங்கி ஓடினேன்.

2. கீழ்த்தளம்

சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்தில் தோல்பையை ஊதி வாசிக்கும் ஸ்கொட்லாந்துப் பைப் வாத்தியக்காரரின் பாண்ட் ஒன்று பழகும். அன்றைக்கு அங்கஸ் மட்டும் வந்திருந்தார். பக்கத்து ஊர் லாசாலில் வெல்டர். கட்டம்போட்ட கில்ற் பாவாடை உடுத்து, பைப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் இங்கிலிசில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

விசயத்தைச் சொன்னேன். "வாறன். ஆனால் என்ரை சப்பாத்தைப் பார்" என்றார். முழுக்கச் சேறு. "காலமை ஒரு அடக்கத்துக்கு வாசிச்சிட்டு, சவக்காலையாலை நேரே வாறன். துடைச்சுப்போட்டு வரட்டோ?"

சப்பாத்தைத் துடைக்கலாம், செத்தவீட்டுத் துடக்கை எப்படித் துடைப்பது? எங்கள் ஆட்களிடம் மங்கலத்துக்கு ஒரு மேளம், சாவுக்கு வேறு மேளம் என்று விளக்கினேன். அங்கஸ் வியப்போடு பார்த்தார்.

"எங்கடை மலைநாட்டிலை அந்தக் காலத்திலை ஒவ்வொரு குலத் தலைவனும் ஒரு பைப்பர் வச்சிருந்தவன். தகப்பனுக்குப் பிறகு மகன் வாசிப்பான். கலியாணத்துக்கும் அவன்தான், சண்டைக்கு முன்னாலை போறதும் அவன்தான், தலைவன் செத்தால் அழுறதும் அதே பைப்பாலைதான். எல்லாத்துக்கும் ஒண்டுதான் இருக்கு எங்களிட்டை."

பரமு அண்ணைக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இப்படியான கதை என்றைக்கோ ஒரு நாள் வெளியே வரும். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தகப்பன் தன்னைத்தான் நொந்துகொள்வார். அந்த மனிதரை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. மேலே போய் ஒளிக்காமல் சொன்னேன்.

"அண்ணை, ஆள் இருக்கு. ஆனால் காலமை ஒரு செத்தவீட்டிலை வாசிச்ச ஆள்."

பரமு அண்ணை கையிலிருந்த நாடாவை மெல்லச் சுருட்டினார்.

"இவளின்ரை தாய் ஷெல் விழுந்து செத்தவ, தம்பி. நான் அப்ப இங்கை அகதிப் பேப்பருக்குக் காத்துக்கொண்டிருந்தனான். அடுத்த நாளே சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டுட்டுது. ஒரு பறை அடிக்கக்கூட ஆளில்லை. செத்தவைக்கு வாசிக்கிற மனுசன் எண்டால் வரட்டும். அவவுக்கும் சேத்து வாசிக்கச் சொல்லும்."

நான் அங்கஸைக் கூட்டிவரக் கீழே இறங்கினேன்.

3. கெட்டிமேளம்

பைப் நினைத்தவுடன் ஒலிக்காது. தோல்பையை ஊதி நிரப்பி, தோளில் சாயும் மூன்று ட்ரோன் குழல்களையும் சுருதி சேர்க்கவேண்டும். நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் எங்கள் ஒத்து மாதிரி அவை ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் அங்கஸ் கீழேயே முடித்துக்கொண்டு வந்தார். படிக்கட்டில் வைத்து, தகப்பன் சொன்னதை அவருக்குச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

கூறைச் சேலையோடு பெண் வந்து இருந்தாள். நானும் அங்கஸும் வாசலில் நின்றோம். ஐயர் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். நான் அங்கஸுக்குக் கை காட்டினேன்.

அம்மாடி! யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தைகள் வீரிட்டன. ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டே அட்சதை எறிந்தா. அந்தச் சத்தத்தில் நூறு பேர் தும்மியிருந்தாலும் ஒருவருக்கும் கேட்டிருக்காது. மூன்று முடிச்சும் விழுந்தது.

வேகமான மெட்டு முடிந்தது. அங்கஸ் பையை விடவில்லை. ட்ரோன் இழுத்தபடியே இருக்க, மெல்ல இன்னொரு மெட்டுக்குப் போனார். வாசித்தபடியே திரும்பி, வெளி ஒழுங்கையில் ஒவ்வொரு அடியாக நடந்தார். சபையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லோரும் மணமக்களை வாழ்த்த எழும்பிவிட்டார்கள். அந்தத் தேவாலயத்தில் எத்தனையோ அடக்க ஆராதனைகளுக்குக் கதவு திறந்துவிட்ட எனக்கு அது செத்தவர்களுக்கு வாசிக்கும் மெட்டு என்று தெரியும்.

பரமு அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். "இது அவவுக்கோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, மணவறைக்கு முதுகு காட்டி, சத்தம் போன பக்கம் பார்த்து நின்றார். அது ஓய்ந்ததும் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு மகளை வாழ்த்தப் போனார்.

மண்டப வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இது ஆகும், அது ஆகாது என்று நீங்களாகவே முடிவு கட்டி எதையும் மறைக்காதீர்கள். உரிய ஆளிடம் போய்க் கேளுங்கள். நான் அன்றைக்கு வாயை மூடியிருந்தால் கலியாணம் எப்படியும் நடந்திருக்கும். அந்த மனுசிக்குத்தான் கடைசிவரை ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள்.